விருந்தாளிக்குக் கொடுத்த இயந்திரம்

அந்த யோசனை எனக்கு வந்த இடம் ஆய்வகம் அல்ல. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு சேகோ மில்லின், அதாவது ஜவ்வரிசி ஆலையின், வாசலில், கையில் இரண்டு காலி கேன்களோடு நின்றுகொண்டிருந்தபோது வந்தது.

சேலத்தில் ஒரு கல்லூரி அணிக்குக் கிழங்குத் தண்ணீர் தேவைப்பட்டது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு வடித்த பிறகு மில்லிலிருந்து வெளியேறும் தண்ணீர். அந்த மில்லில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால் அந்த அணியின் தலைவியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நாங்கள் நாமக்கல் பக்கத்துக் கல்லூரி. இரண்டு அணிகளும் ஒரே போட்டியில் இருந்தோம். பாக்டீரியாவுக்குள் புதிய மரபணுத் துண்டுகளைப் பொருத்தி, அது இதுவரை செய்யாத ஒரு வேலையைச் செய்ய வைக்க வேண்டும். மாணவர்களுக்கான செயற்கை உயிரியல் போட்டி. இணையத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் அவளைப் பார்த்திருந்தேன். நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் முறை.

மில் வாசலில் ஒரு விவசாயி, டிராக்டரை நிறுத்திவிட்டு, எடை பார்ப்பவரோடு மல்லுக்கு நின்றார். கிழங்கைத் தண்ணீரில் மூழ்க வைத்து நிறுத்தால் அதில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைப் பாயிண்ட் என்பார்கள். விலை அதை வைத்துத்தான்.

"ஏனுங்க, இதே காட்டுக் கெழங்கு. நேத்து அந்த மில்லுல இருவத்தெட்டு பாயிண்டு. இங்க எப்படீங்க இருவத்தஞ்சு?"

"அவங்க தராசு அவங்களுக்குங்க. எங்க தராசு எங்களுக்கு."

"அப்பக் கெழங்கு யாருதுங்க? எம்படது தானுங்களே. அது எந்த மில்லுக்குப் போனாலும் ஒரே கெழங்குதானுங்களே."

எடைக்காரர் அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் கேட்டது எங்கள் இரண்டு அணிகளும் அதுவரை கேட்டுக்கொள்ளாத கேள்வி.

திரும்பி வரும் பேருந்தில் கேன்கள் காலிடையே தளும்பிக்கொண்டிருந்தன. நான் சொன்னேன்: "உங்க பாக்டீரியாவ நாங்க எங்க லேபுல பாக்கறோம். எங்களத நீங்க உங்க லேபுல பாருங்க. ஒரே கெழங்கு, ரெண்டு மில்லு."

ஒவ்வொரு அணியும் இன்னோர் அணியோடு சேர்ந்து ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டும் என்பது அந்தப் போட்டியில் எதிர்பார்க்கப்படுவதுதான். பலர் செய்வது என்னவென்றால், திரையில் ஒரு சந்திப்பு, ஆளுக்கொரு புன்னகை, ஒரு படம். அவளுக்கும் அது தெரியும்.

"போட்டோ எடுத்துப் போடுறதுக்கு இது எவ்வளவோ பரவால்ல," என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு இது ரொம்ப உதவும்ங்க," என்றாள்.

ஏன் என்று ராசிபுரம் வருவதற்குள் சொல்லிவிட்டாள். மரவள்ளியில் இயற்கையாகவே கொஞ்சம் சயனைடு உண்டு. அது கழிவுத் தண்ணீரிலும் வரும். அவர்கள் பாக்டீரியா அதை உணர்ந்தால் பச்சையாக ஒளிர வேண்டும். மூன்று முறை ஒளிர்ந்தது. மூன்று முறையும் அவள் மட்டும்தான் பார்த்தாள். மற்றவர்கள் தேர்வுக்குப் படிக்கப் போயிருந்தார்கள். திரும்பி வந்ததும் ஒருவன் கேட்டானாம், "நீ மட்டும் இருக்கறப்பதான் ஒளிருமா?" விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அதன் பிறகு யாரும் அந்த முடிவைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எடுத்த படங்கள் மங்கலாக இருந்தன. வேறொரு ஆய்வுக்கூடத்தில், வேறு கைகளால், ஒரு தடவை ஒளிர்ந்தால் போதும்.

எங்கள் பாக்டீரியா கோழி இறகைக் கரைக்க வேண்டியது. நாமக்கல்லில் இருந்துகொண்டு வேறு எதை யோசிப்போம். அது ஓரளவு கரைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பெரிய கவலை இல்லை.

எங்களிடம் இல்லாதது இடம்தான். பாக்டீரியாவை முப்பத்தேழு டிகிரியில் வைத்து வளர்க்கும் பெட்டி எங்கள் ஆய்வகத்தில் ஒன்றே ஒன்று. பழையது, கதவு சரியாக மூடாது, ஒரு பக்கம் அட்டையை மடித்துச் சொருகியிருப்போம். இதை ஒரு நாள் என் மாமாவிடம் புலம்பினேன். அவர் சேந்தமங்கலம் போகும் வழியில் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறார்.

"எத்தன டிகிரி வேணும் அம்மிணி?"

"முப்பத்தேழுங்க மாமா."

"அட, முட்டைக்கும் அதேதான் கேக்குது. எங்கிட்டச் சின்ன செட்டரு ஒண்ணு சும்மாக் கெடக்குது. எடுத்துட்டுப் போ. உம்பட பூச்சிக குஞ்சு பொரிக்கட்டும்."

முட்டைகளை அடுக்கிச் சூடு காட்டும் பெட்டியைத்தான் செட்டர் என்பது. அடுத்த வாரம் டெம்போவில் வந்து இறங்கியது. ஆள் உயரம். துடைத்துப் பளபளவென்று இருந்தது. சூடு அரை டிகிரி கூட நகரவில்லை. எங்கள் அணியில் குழாய்களையும் அளவுகளையும் கவனிப்பவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "முட்டக் குழியெல்லாம் அப்பிடியே இருக்குது. ஆளுக்கு ஒரு குழி," என்றான்.

கொஞ்சம் நெடி அடித்தது. அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு அடுத்த அறை விலங்கியல் துறையின் காட்சி அறை. கண்ணாடி ஜாடிகளில் தவளையும் பாம்பும் ஓணானும் பார்மலினில் மிதந்துகொண்டிருக்கும். மூன்று வருடமாக அந்த நெடியில்தான் பாடம் கேட்கிறோம், டிபன் பாக்ஸ் திறக்கிறோம். அந்தக் கட்டடத்தில் மூக்கு என்பது முகத்தில் இருக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான்.

ராசிபுரம் பேருந்து நிலையத்தில் பெட்டிகளை மாற்றிக்கொண்டோம். இரண்டு கல்லூரிகளின் பாதுகாப்புக் குழுவும் கையெழுத்திட்ட தாள், பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஐஸ், அதற்குள் பாக்டீரியாவோடு மூடி முத்திரையிட்ட தட்டு. அவளை ஸ்கூட்டரில் கூட்டி வந்திருந்த அவள் அத்தா, ஜவுளி வியாபாரி, தாளை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது தப்பிச்சு வெளிய வந்துருமாம்மா?"

"வராதுங்க. வந்தாலும் ரொம்ப நாள் பொழைக்காதுங்க."

"பாவம்," என்றார்.

ஆய்வகத்துக்கு வந்ததும் நான்தான் முடிவு செய்தேன்.

"நம்மளதப் பழசுலயே வெச்சுக்கலாம். அவங்களதப் புதுசுல வை."

"விருந்தாளிக்கு ஏசி ரூமா?" என்றான் அளவுக்காரன்.

"ஆமா. நம்மளத அங்க எப்பிடி வெச்சிருக்காங்களோ தெரியல. நம்ம பக்கம் கொற இருக்கக் கூடாது."

இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் வீட்டில் யாராவது வந்தால் நல்ல கட்டில் அவர்களுக்கு, நாங்கள் பாயில். அதைத்தான் செய்தேன். யோசித்துச் செய்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாகச் செய்தது.

மறுநாள் எங்கள் குழாய்கள் மோர் மாதிரி கலங்கியிருந்தன. நன்றாக வளர்ந்ததற்கு அடையாளம். அவர்களுடைய மூன்றும் லேசாக, கண்ணாடி மேல் மூச்சு விட்ட மாதிரி. கிழங்குத் தண்ணீரைச் சேர்த்து, நான்கு மணி நேரம் விட்டு, நீல விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தோம். பச்சை இல்லை. ஒன்றிலும் இல்லை.

"இதுக தூங்குதுக," என்றான் அளவுக்காரன். "இன்னொருக்காப் போட்டுப் பாக்கலாமா?"

"வெப்சைட்டுல நம்ம பக்கம் இன்னும் எழுதியே முடிக்கல. மூணு கொழாய் போட்டாச்சு. மூணும் ஒண்ணுதான் சொல்லுது," என்றேன்.

அன்று மாலையே அவளுக்கு எழுதி அனுப்பினேன். ஒரே பத்தி. எங்கள் கூடத்தில் மூன்று குழாய்களில் சோதித்தோம், ஒளிரவில்லை, வருந்துகிறோம். எழுதி முடிக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

பதிலாக ஒரு கேள்வி வந்தது: "உங்களோடது நல்லா வளந்துச்சா?"

"சூப்பரா வளந்துச்சு," என்று அனுப்பினேன்.

அவள் கேட்டது சரியான கேள்வி. என் பதிலும் பொய் இல்லை. எங்களுடையதும் அதே பெட்டியில் இருந்ததா என்று அவள் கேட்கவில்லை, எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரிங்க. நன்றி," என்று வந்தது. இரண்டு நாள் கழித்து, போட்டியின் இணையதளத்தில் அவர்கள் அணியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒளிர்ந்ததைப் பற்றிய பகுதி முழுவதும் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு வரி: வேறொரு கூடத்தில் இம்முடிவு உறுதியாகாததால் விலக்கிக்கொள்கிறோம். நேர்மையாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக்குத் திரும்பிவிட்டேன்.

எல்லா அணிகளின் பக்கங்களும் இனித் திருத்த முடியாதபடி மூடப்படுவதற்கு முதல் நாள் காலை மாமாவின் பொரிப்பகத்துக்குப் போனேன். செட்டர் தந்து உதவியவர் என்று அவர் படத்தைப் போட நினைத்திருந்தேன். மாமா ஒரு காலி செட்டரின் முன்னால் குனிந்து, மண்சட்டியில் ஊதா நிறப் பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தார். அதன் மேல் ஒரு குப்பியிலிருந்து எதையோ ஊற்றிவிட்டு, சட்டென்று கதவைச் சாத்திப் பின்னால் நகர்ந்தார். இடுக்கு வழியாகக் கசிந்த புகை என் கண்ணில் பட்டது. கண்ணீர் கொட்டியது.

"தள்ளி நில்லு சாமி. பார்மலின் பொக."

"எதுக்குங்க மாமா?"

"கிருமி சாவறதுக்கு. ஒவ்வொரு தடவ முட்ட வெக்கறதுக்கு முந்தியும் போடுவோம். ஒரு கிருமி தப்பாது."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உம்பட மிசினுக்கு ரெண்டு பங்கு போட்டுத்தான் ஏத்திவுட்டேன். காலேசுக்குப் போவுது. நம்ம ஊட்டுல இருந்து போற பொருளு, அழுக்கா இருந்தா உனக்குத்தானே கௌரவக் கொறச்சல்."

"அது எத்தன நாளைக்கு நிக்குங்க?"

"சாதாரணமாத் தொறந்து வெச்சாப் போயிரும். நான் ரெண்டு பங்கு போட்டு அப்பிடியே சாத்தில்ல அனுப்புனேன்? உள்ள ஒட்டிக்கும். சூடு ஏற ஏறக் கக்கும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, ஏதாச்சும் ஆயிப்போச்சா?" என்றார்.

பூச்சி என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் சிரித்தேனே தவிர, அது பாக்டீரியா, அதுவும் நீங்கள் கொல்லும் அதே கிருமி வகைதான் மாமா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

படம் எடுக்கவில்லை. அங்கிருந்து நேராகச் சேலம் பேருந்து. அவளுக்கு அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியது. அவள் முகத்தைப் பார்க்காமல் பேசியவர்கள் காதில் விழ வேண்டும். வழி நெடுகக் கணக்குப் போட்டேன். அவர்களுடைய தட்டு எங்கள் குளிர்பெட்டியில் உயிரோடுதான் இருந்தது. மறுபடி வளர்க்க ஓர் இரவு, சோதிக்க அரை நாள். பக்கங்கள் மூடப்படுவது மறுநாள் காலை. எப்படிப் போட்டாலும் அரை நாள் இடித்தது.

அவர்கள் ஆய்வகத்தில் ஐந்து பேரும் இருந்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செட்டர், புகை, இரண்டு பங்கு, விருந்தாளிக்கு நல்ல இடம், எங்களுடையது பழைய பெட்டியில் வளர்ந்தது. மூச்சு விடாமல் சொன்னேன். நீ மட்டும் இருக்கறப்பதான் ஒளிருமா என்று அவளிடம் விளையாட்டாகக் கேட்டவன் எவன் என்று, ஒருவன் மேசை விளிம்பைச் சுரண்டிய விதத்திலேயே தெரிந்தது.

"அப்ப ஒளிருதுன்னு ஆச்சுல்ல," என்றான் அவன், அவளைப் பார்த்து.

"ஆகல," என்றாள்.

"நீங்க எடுத்ததத் திருப்பிப் போடுங்க," என்றேன். "எங்க தப்புன்னு நானே எழுதித் தர்றேன். மிசின் சரியா இருந்திருந்தா ஒளிர்ந்திருக்கும்னு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. எங்கள் சோதனை செத்துப்போனது, அவ்வளவுதான். செத்த சோதனை அவளுக்கு எதிராகவும் சாட்சி சொல்லாது, அவளுக்காகவும் சொல்லாது. முதலில் அவசரமாக இல்லை என்று எழுதியவள், இப்போது அதே அவசரத்தில் ஆமாம் என்று எழுதக் கிளம்பியிருந்தேன்.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து சில தாள்களை எடுத்து நீட்டினாள். எங்கள் இறகுக் கரைப்பானைச் சோதித்த குறிப்பு. நான்கு பக்கம். எங்கள் குழாய்களையும் தங்கள் குழாய்களையும் ஒரே தாங்கியில், ஒன்றுவிட்டு ஒன்று, எங்களுடையதற்கு அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார்கள். இருபது நிமிடம் மின்சாரம் போனதுகூட எழுதியிருந்தது. கடைசியில், எங்கள் கூடத்தில் கரைந்ததைவிட அவர்கள் கூடத்தில் குறைவாகக் கரைந்தது என்றும் இருந்தது. அதை ஏற்கெனவே எனக்கு அனுப்பியிருக்கிறாள். கடைசிப் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன்.

"எங்களதுக்குத் தனி எடம் குடுக்கலையா?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"எங்ககிட்ட ஏதுங்க தனி எடம்? பொட்டியில இருக்கறதே ஒரு அடுக்கு." பிறகு அன்று முதல் முறையாகச் சிரித்தாள். "அடுத்த தடவ எங்களுக்கு மரியாதையெல்லாம் வேணாம். வாசல்லயே நிக்க வைங்க."

மற்றவர்களும் சிரித்தார்கள். மேசையைச் சுரண்டியவன் எழுந்துபோய் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். பிறகு அவளிடம், தலையைக் குனிந்துகொண்டு, "அந்த மூணு படத்தையும் இன்னொருக்காக் காட்டு, நான் சரியாவே பாக்கல," என்றான். இருவரும் ஒரே திரையில் குனிந்து பார்த்தார்கள். அவன் நெடுநேரம் பார்த்தான். "மூலையில தெரியுது. ஆனா எனக்கு இது பத்தாது," என்றான். "எனக்கும் பத்தாது," என்றாள். அது அவளுக்கு வலித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களே, அது போதும்போல.

ஆறு பேரும் சேர்ந்து எழுதினோம். நான் எழுதிய ஒரு பத்திக்கு மூன்று நிமிடம் ஆனது என்றேனே, அன்று நான்கு வரிக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவர்கள் பக்கத்துக்கான வரிகள் இவை: எங்கள் கூடத்தில் மூன்று முறை ஒளிர்ந்தது, ஒருவர் மட்டும் பார்த்தார், படங்கள் தெளிவில்லை. வேறொரு கூடத்தில் நடந்த சோதனை செல்லாது, காரணம் கீழே. உறுதியா இல்லையா என்று இன்னும் தெரியாது. "செல்லாது" என்ற சொல்லுக்குக் கீழே காரணத்தை நான் எழுதினேன். எங்கள் அணியின் பக்கத்திலும் அதையே போட்டேன். செட்டர் தந்தவருக்கு நன்றி என்ற வரியையும் எடுக்கவில்லை. அவர் நல்லதுதான் நினைத்தார்.

போட்டி முடிந்துவிட்டது. இப்போது மூட வேண்டிய பக்கம் எதுவும் இல்லை. ஆனால் அவளுடைய கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

செட்டரைக் கழுவித் துடைத்து, கதவைத் திறந்து போட்டு, மூன்று வாரமாக மாடி வராந்தாவில் காற்றாட விட்டிருக்கிறோம். மாமா இரண்டு தடவை அழைத்து, "இப்ப நாத்தம் போச்சா அம்மிணி?" என்று கேட்டுவிட்டார். என் மூக்கை நம்ப முடியாது என்று அவரிடம் சொன்னேன். எனவே முதல் நாள் அதற்குள் எந்த அணியின் பாக்டீரியாவும் போகாது. எதுவும் பொருத்தாத வெறும் பாக்டீரியாதான், பாதி பழைய பெட்டியில், பாதி செட்டரில். இரண்டிலும் ஒரே மாதிரி கலங்கினால் மட்டும் மேலே போவோம்.

அதன் பிறகு அவளுடைய தட்டு. பன்னிரண்டு குழாய், ஒரே தாங்கி, ஒன்றுவிட்டு ஒன்று. எது அவர்களுடையது, எது எங்களுடையது, எதில் கிழங்குத் தண்ணீர், எதில் வெறும் தண்ணீர் என்று அளவுக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். பார்த்துச் சொல்லப்போவது நானும், மேசையைச் சுரண்டியவனும். அவள் அறைக்குள்ளேயே வர மாட்டாளாம். அவளே வைத்த நிபந்தனை.

திங்கட்கிழமை காலை வருகிறார்கள். நேற்று மறுபடி வெண்ணந்தூருக்குப் போய்ப் புதுக் கிழங்குத் தண்ணீர் பிடித்து வந்தேன். ஒரே தொட்டியில் பிடித்து, இரண்டு கேனாகப் பிரித்தது. ஒன்று எங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது. அவர்கள் சேலத்துக்கு எடுத்துப்போகும் கேனில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அவளிடமிருந்து இன்று காலை ஒரு செய்தி வந்தது: "ஒளிரலைன்னாலும் சொல்லுடி." சொல்கிறேன் என்று அனுப்பினேன். பிறகு யோசித்து, இன்னொன்றும் அனுப்பினேன்: "ஒளிர்ந்தாலும், இன்னொருக்காப் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."